'ஹாஃப் டென்' ஒன்பதரையா பத்தரையா? ஆங்கில நேரச் சொற்களில் ஊருக்கு ஊர் குழப்பம்

நாள்குறிப்பு (கேள்வி)

வணக்கம். இது இலக்கணப் பிழை பற்றிய கேள்வி இல்லை. வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் படிக்கிற இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். லண்டன், டப்ளின், சிகாகோ, பெர்லின் என்று பல ஊர்க்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் குழுக்களின் மின்னஞ்சலில் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் இவை:

1. 'லெட்ஸ் மீட் அட் ஹாஃப் டென்.' ஒன்பதரையா, பத்தரையா?
2. 'வெட்னஸ்டே மீட்டிங் ஹேஸ் பீன் மூவ்டு ஃபார்வர்டு டூ டேஸ்.' திங்களா, வெள்ளியா?
3. செவ்வாய்க்கிழமையன்று ஒருவர் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்றால் எந்த வெள்ளி?
4. 'பைவீக்லி ரிப்போர்ட்.' வாரம் இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா?
5. 'திஸ் ஐட்டம் வில் பி டேபிள்டு.' பேசப் போகிறார்களா, ஒத்திப்போடுகிறார்களா?

அகராதியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு பொருளும் இருக்கின்றன. எந்த ஊர்க்காரர் எதைச் சொல்கிறார், நாம் எழுதும்போது எப்படி எழுதினால் சிக்கல் வராது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

---

அரைப்புள்ளி

1, 2, 5 மூன்றுக்கும் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 'ஹாஃப் டென்' என்பது 'ஹாஃப் பாஸ்ட் டென்' தேய்ந்து வந்தது. நடுவிலிருந்த 'பாஸ்ட்' விழுந்துவிட்டது, அவ்வளவுதான். எனவே பத்தரை. தமிழ்க் காதுக்கு இது உறுத்தாது, 'பத்தரை'யிலும் பத்தோடு அரை கூடத்தானே செய்கிறது. சிக்கல் பெர்லின்காரரிடம்தான். ஜெர்மனில் 'ஹால்ப் ட்ஸேன்' என்றால் பத்தாவது மணியில் பாதி ஆகியிருக்கிறது என்று கணக்கு, அதாவது 9.30. டச்சு, ஸ்வீடிஷ் மொழிகளிலும் அப்படியே. ஆகவே ஜெர்மன்காரர் ஆங்கிலத்தில் 'ஹாஃப் டென்' என்று எழுதினால், அது தாய்மொழிக் கணக்கா ஆங்கிலக் கணக்கா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கேட்டுவிடுவதே நல்லது.

அமெரிக்கர் இந்தத் தொடரைச் சொல்லவே மாட்டார், 'டென் தர்ட்டி' என்பார். ஆனால் அவரிடம் வேறொரு பொறி உண்டு: 'எ குவார்ட்டர் ஆஃப் டென்'. இது பத்துக்குக் கால் மணி குறைவு, 9.45. 'எ குவார்ட்டர் ஆஃப்டர் டென்' என்றால் 10.15. தொலைபேசியில் அந்த 'டர்' காதில் விழாமல் போனால் அரை மணி நேரம் தவறிவிடும். பிரிட்டிஷார் 'குவார்ட்டர் டு', 'குவார்ட்டர் பாஸ்ட்' என்பார்கள். இந்த இரண்டும் எல்லா ஊரிலும் புரியும்.

'மூவ்டு ஃபார்வர்டு' கேள்விக்கு ஊரைப் பார்த்துப் பதில் சொல்ல வழியில்லை. ஒரே ஊரில், ஒரே தாய்மொழிக்காரர்களிடம் கேட்டாலும் திங்கள் என்பவரும் உண்டு, வெள்ளி என்பவரும் உண்டு. உளவியலாளர்களுக்கு இது பழகிய சோதனைக் கேள்வி. நாம் காலத்துக்குள் நடந்து போகிறோம் என்று மனம் நினைத்தால், முன்னே என்பது இனி வரப்போகும் நாள். கூட்டம் வெள்ளிக்குப் போகும். நாம் நிற்கிறோம், காலம் நம்மை நோக்கி வருகிறது என்று நினைத்தால், முன்னே நகர்வது என்பது நம்மை நெருங்குவது. கூட்டம் திங்களுக்கு வரும். லெரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வியை விமான நிலையத்தில் கேட்டுப் பார்த்தார்கள். யாரையோ அழைத்துப்போக வந்து காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று சொல்வது கூடுதலாக இருந்தது. பயணம் செய்து வந்தவருக்கும் உட்கார்ந்திருந்தவருக்கும் பதில் மாறுகிறதென்றால், அந்தத் தொடரை நம்பி எப்படிக் கூட்டம் போடுவது?

'பிரிங் ஃபார்வர்டு' வேறு. பிரிட்டிஷ் வழக்கில் அது முன்கூட்டி நடத்துவதுதான். 'புட் பேக்', 'புஷ் பேக்' இரண்டும் தள்ளிவைப்பது. (கணக்குப் பதிவேட்டில் 'பிராட் ஃபார்வர்டு' என்பது முந்தைய பக்கத் தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவருவது, அங்கே ஃபார்வர்டு பின்னால் வரும் பக்கத்தை நோக்கிப் போகிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொடர் கூடுதலாக உறுத்துவது அதனால்தான்.)

ஐந்தில் எனக்கு ஆபத்தாகப் படுவது 'டேபிள்'. இரண்டு பொருளும் நேர் எதிர். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா எல்லாம் நாடாளுமன்ற வழக்கைப் பின்பற்றுகின்றன: மேசைமேல் வைத்தல், அதாவது விவாதத்துக்குக் கொண்டுவருதல். அமெரிக்காவில் விவாதத்தை நிறுத்தி ஓரமாக வைத்தல். கனடாவில் நாடாளுமன்றம் பிரிட்டிஷ் பொருளில் பேசும், வெளியே அமெரிக்கப் பொருளும் புழங்கும், ஆக அங்கே இரட்டைத் தொல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத் தலைமைகள் ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்வதா வேண்டாமா என்று நெடுநேரம் சூடாக வாதாடியதை சர்ச்சில் தம் போர் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான். 'வில் பி டிஸ்கஸ்டு', 'வில் பி போஸ்ட்போன்டு' என்று எழுதினால் இந்த வம்பே இல்லை.

---

வாரம்விட்டுவாரம்

4ஆம் கேள்வி நம்முடையது.

'பை' என்ற முன்னொட்டைக் காப்பாற்ற வழியில்லை. 'பைவீக்லி', 'பைமன்த்லி' இரண்டுக்குமே அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. தமிழில் இந்த வம்பு கிடையாது: 'வாரமிருமுறை' ஒன்று, 'வாரம்விட்டு வாரம்' வேறொன்று. ஆங்கிலத்திலும் அதே மாதிரி உடைத்து எழுதுங்கள்: 'ட்வைஸ் எ வீக்', 'எவ்ரி டூ வீக்ஸ்', 'எவ்ரி அதர் வெட்னஸ்டே'. 'எவ்ரி அதர்' என்று எழுதினால் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் ஒரு வாரம், மீதிப் பேர் மறு வாரம் என்று வந்து நிற்பார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் 'பைவீக்லி'க்கு ஒரே பொருள்: அமெரிக்கச் சம்பளப் பட்டியல். அங்கே அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு 26 சம்பளம். 'செமிமன்த்லி' என்றால் மாதம் இருமுறை, ஆண்டுக்கு 24. ஆண்டுச் சம்பளம் 52,000 டாலர் என்றால், முதல் முறையில் ஒவ்வொரு தடவையும் 2,000 டாலர், இரண்டாவதில் 2,166.67 டாலர். பிடித்தங்கள் வேறு. ஒப்பந்தத்தில் இந்தச் சொல்லை 'மாதம் இருமுறை' என்று மொழிபெயர்த்தால் தொகையே தவறாகிவிடும்.

'பையானுவல்' ஆண்டுக்கு இருமுறை, 'பையெனியல்' ஈராண்டுக்கு ஒருமுறை. ஒழுங்கான வேறுபாடுதான், ஆனால் எழுதுகிறவர்களே மாற்றி எழுதுகிறார்கள். 'ட்வைஸ் எ இயர்' என்றே போட்டுவிடலாம்.

'ஃபோர்ட்நைட்' நல்ல சொல், பதினான்கு இரவு என்ற பழைய ஆங்கிலத் தொடர் சுருங்கியது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா எங்கும் செல்லும். அமெரிக்காவில் அன்றாடப் பேச்சில் கிடையாது, அங்கே பலருக்கு அது கணினி விளையாட்டின் பெயர். இன்னொன்று, நம்மவர்கள் இதைப் 'பதினைந்து நாள்' என்று பெயர்க்கிறார்கள். பட்சக் கணக்கு மனதில் இருப்பதால் வரும் பிழை. திங்களன்று கொடுத்தது ஃபோர்ட்நைட்டில் திரும்ப வேண்டுமென்றால் அது இன்னொரு திங்கள்தான், செவ்வாய் இல்லை.

'நெக்ஸ்ட் ஃப்ரைடே'க்குத் தீர்ப்பு கிடையாது. தமிழிலேயே 'வர்ற வெள்ளி'யும் 'அடுத்த வெள்ளி'யும் ஒன்றா என்று வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. பொதுவாக, 'திஸ் ஃப்ரைடே' என்றால் நெருங்கி வரும் வெள்ளி. அந்த வெள்ளி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு 'நெக்ஸ்ட்' அதைத் தாண்டிப் போகும். வியாழனன்று 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று சொல்கிறவர் நாளையைச் சொல்வது அரிது. ஞாயிறன்று சொன்னால் இரண்டுக்கும் இடமுண்டு. அதற்கடுத்த வெள்ளியைக் குறிக்க பிரிட்டனில் 'ஃப்ரைடே வீக்', 'எ வீக் ஆன் ஃப்ரைடே' என்பார்கள். அமெரிக்கர் 'எ வீக் ஃப்ரம் ஃப்ரைடே' என்பார். 'ஃப்ரைடே வீக்' என்று அமெரிக்கரிடம் சொன்னால் வெள்ளிக்கிழமை வாரமா, அது என்ன என்று கேட்பார்.

---

திசைச்சொல்

அரைப்புள்ளி சொன்னதில் ஒரு சின்ன திருத்தம். 'பிரிங் ஃபார்வர்டு' அமெரிக்கரிடம் அவ்வளவு பாதுகாப்பில்லை. அவர் வழக்கமாகச் சொல்வது 'மூவ் அப்'. 'வி மூவ்டு த மீட்டிங் அப் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் முன்னதாக. 'புஷ் பேக்' விஷயத்திலும் கவனம் வேண்டும். 'புஷ் பேக் த டெட்லைன்' கெடுவைத் தள்ளிவைப்பது. நடுவில் ஓர் 'ஆன்' நுழைந்து 'புஷ் பேக் ஆன் த டெட்லைன்' ஆனால், அந்தக் கெடுவை ஏற்க மறுத்து எதிர்ப்புச் சொல்வது. நம்மவர்கள் அந்த 'ஆன்' இருப்பதைப் பார்க்காமல் 'ஓ, கூடுதல் நாள் கிடைச்சிருச்சு' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத சில:

'மொமென்டரிலி'. பிரிட்டனில் ஒரு கண நேரம், அமெரிக்காவில் இன்னும் ஒரு கணத்தில். 'த பிளேன் வில் பி லேண்டிங் மொமென்டரிலி' என்ற அறிவிப்பைக் கேட்டு, 'ஒரு கணம்தான் தரையிறங்குமா, அதற்குள் எப்படி இறங்குவது' என்று பிரிட்டிஷார் கிண்டல் செய்வது பழைய நகைச்சுவை. 'பிரெசென்ட்லி'யும் அப்படித்தான், பிரிட்டனில் சற்று நேரத்தில், அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் தற்போது.

'ஜஸ்ட் நவ்'. நமக்கு இப்போதுதான், சற்றுமுன். தென்னாப்பிரிக்கரிடம் அது 'பிறகு பார்க்கலாம்' வகை. அரை மணியும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம். அவசரம் என்றால் அவர் 'நவ் நவ்' என்பார். 'ஐ வில் சென்ட் இட் ஜஸ்ட் நவ்' என்று கேப் டவுனிலிருந்து வந்தால் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டாம்.

'வைல்'. வடக்கு இங்கிலாந்தில், யார்க்ஷயர் பக்கம், 'வைல்' என்பதற்கு 'வரை' என்ற பொருளும் உண்டு. 'நைன் வைல் ஃபைவ்' என்றால் ஒன்பது முதல் ஐந்து வரை. பேச்சில் மட்டும்தான் வரும், மின்னஞ்சலில் அபூர்வம்.

நம் பக்கச் சரக்கும் கொஞ்சம் உண்டு. 'ப்ரீபோன்' இந்தியாவில் மிகத் தெளிவான சொல், சொல்லப்போனால் 'மூவ் ஃபார்வர்டு' கிளப்பும் குழப்பத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் மற்ற ஊர்க்காரர் பலருக்குப் பழக்கமில்லை. யூகித்துவிடுவார், ஒரு நொடி நின்று யூகிப்பார். 'ஐ வில் ரிவர்ட் பை மண்டே' இந்தியா, சிங்கப்பூர், மலேசியாவில் பதில் அனுப்புகிறேன் என்று பொருள். அமெரிக்கருக்கு 'ரிவர்ட்' பழைய நிலைக்குத் திரும்புவது. மென்பொருள் குழுவில் இது நிஜமான ஆபத்து, செய்த மாற்றத்தைத் திங்களுக்குள் ரத்து செய்யப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். 'ரிப்ளை' போடுங்கள். 'டுடே மார்னிங்', 'எஸ்டர்டே நைட்' இரண்டும் 'இன்று காலை', 'நேற்று இரவு' என்பதன் நிழல். பொருள் மாறாது, ஆனால் வெளியே வழக்கு 'திஸ் மார்னிங்', 'லாஸ்ட் நைட்'.

---

கெடுதேதி

எல்லோரும் கூட்ட நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். பணம் போவது கெடுவில்தான்.

'பை ஃப்ரைடே', 'அன்டில் ஃப்ரைடே' இரண்டையும் மாற்றிப் போடுவது தமிழர்களிடமும் ஜெர்மானியர்களிடமும் நிறையப் பார்க்கக் கிடைக்கும் பிழை. வெள்ளிக்குள் என்றால் 'பை', வெள்ளி வரைக்கும் தொடர்ந்து என்றால் 'அன்டில்'. 'ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று ஆகிறது. 'பை ஃப்ரைடே'யில் வெள்ளியும் சேர்த்தி என்பதே பொது வழக்கு. வெள்ளி சேராது என்றால் 'பிஃபோர் ஃப்ரைடே'.

'அன்டில் 30 ஜூன்' என்றால் 30ஆம் தேதி உள்ளேயா வெளியேயா என்பதற்கு வழக்காடிய வரலாறே உண்டு. அமெரிக்கரின் 'த்ரூ' இங்கே உதவும்: 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் சேர்த்தி, சந்தேகமில்லை. பிரிட்டனில் 'த்ரூ'வை இப்படிப் பயன்படுத்தும் பழக்கம் குறைவு. அங்கே 'மண்டே டு ஃப்ரைடே இன்க்ளூசிவ்' என்று எழுதுவார்கள்.

'இன் டூ வீக்ஸ்' கவனம். 'ஐ வில் ஸ்டார்ட் இன் டூ வீக்ஸ்' இரண்டு வாரம் கழித்து. 'ஐ கேன் ரைட் இட் இன் டூ வீக்ஸ்' எழுதப் பிடிக்கும் காலம் இரண்டு வாரம். நம் 'ரெண்டு வாரத்துல'வும் இதே மாதிரி இரண்டு பக்கமும் சாயும், அதனால் நமக்கு உறைப்பதில்லை. கெடுவாக எழுதினால் 'வித்தின் டூ வீக்ஸ்' எழுதுங்கள், எந்த நாளிலிருந்து என்பதையும் சேர்த்து.

ஆங்கிலேயச் சட்ட வழக்கில் 'கிளியர் டேஸ்' என்று வந்தால் அறிவிப்பு கொடுத்த நாளும் கூடாது, கூட்ட நாளும் கூடாது. மார்ச் 1 அன்று அறிவிப்பு, '14 கிளியர் டேஸ்' என்றால் மார்ச் 2 முதல் 15 வரை பதினான்கு நாள், கூட்டம் 16ஆம் தேதிக்கு முன் கூடாது. சங்கக் கூட்டங்களுக்கு அறிவிப்பு அனுப்புகிறவர்கள் 15 என்று போட்டுவிடுவது வாடிக்கை.

'மிட்நைட் ஃப்ரைடே' எழுதவே வேண்டாம். வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? '12 பிஎம்' நண்பகல் என்பது இன்றைய வழக்கு, ஆனாலும் நள்ளிரவு என்று படிப்பவர் இருக்கிறார். '11:59 பிஎம், ஃப்ரைடே' என்று ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் இரண்டு தொல்லையும் போச்சு. 24 மணிக் கணக்கில் 23:59.

03/04 பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: அமெரிக்கருக்கு மார்ச் 4, மற்ற பெரும்பாலோருக்கு ஏப்ரல் 3. 13ஆம் தேதிக்கு மேல் போனால் பிழை தானாகத் தெரிந்துவிடும், 12க்குள் இருக்கும் தேதிகளில்தான் சத்தமில்லாமல் தவறும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். கோப்புப் பெயர் என்றால் ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தர முறையில், ஆண்டு-மாதம்-நாள் என்று, 2026-04-03.

---

நாள்குறிப்பு

எல்லோருக்கும் நன்றி. 'இன் டூ வீக்ஸ்' பற்றி யோசித்ததே இல்லை.

இரண்டு கேள்வி மிச்சம். கூட்டம் மாறியதைச் சொல்ல ஒரு மாதிரி வாக்கியம் கிடைக்குமா? அப்புறம், 'ஐஎஸ்டி' என்று நேரத்துக்குப் பின்னால் போட்டால் டப்ளின்காரர்களும் அதையே போடுகிறார்களே, அது எப்படி?

---

அரைப்புள்ளி

திசைச்சொல், 'மூவ் அப்' திருத்தத்தை ஒப்புக்கொள்கிறேன்.

மாதிரி இது: 'த மீட்டிங் ஆன் வெட்னஸ்டே 15 ஏப்ரல் ஹேஸ் பீன் மூவ்டு டு மண்டே 13 ஏப்ரல் 2026, 15:30 லண்டன் டைம்.' இங்கே 'மூவ்டு டு' மட்டும்தான், முன்னும் இல்லை பின்னும் இல்லை. பழைய நாள், புதிய நாள் இரண்டும் இருக்க வேண்டும். கிழமையும் தேதியும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்றைத் தவறாகத் தட்டச்சு செய்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். அடுத்த வரியில் 'டப்ளின் 15:30, பெர்லின் 16:30, சிகாகோ 09:30' என்று போட்டுவிடுங்கள்.

---

கெடுதேதி

ஐஎஸ்டி மூன்று பேருக்குச் சொந்தம்: இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து. இந்தியாவுக்கு யுடிசி+5:30 (யுடிசி என்பது உலகப் பொது நேரம்), இஸ்ரேலுக்கு யுடிசி+2. அயர்லாந்து வேடிக்கையானது. மற்ற ஊர்களில் குளிர்கால நேரம்தான் 'ஸ்டாண்டர்டு', கோடையில் ஒரு மணி கூட்டுவார்கள். அயர்லாந்துச் சட்டப்படி 1968 முதல் யுடிசி+1தான் 'ஸ்டாண்டர்டு', குளிர்காலத்தில் ஒரு மணி குறைப்பார்கள். அதனால் கோடையில் அவர்கள் ஐஎஸ்டி போடுவது முழுக்கச் சரி. ஜூலையில் '10:00 ஐஎஸ்டி' என்று இந்தியாவிலிருந்து அனுப்பினால் டப்ளினில் அப்போது காலை 5:30, அவரோ நாலரை மணி நேரம் கழித்து வந்து நிற்பார்.

பிஎஸ்டி பிரிட்டிஷ் கோடை நேரமும் ஆகும், வங்கதேச நேரமும் ஆகும். சிஎஸ்டி சிகாகோவும் ஆகும், சீனாவும் ஆகும். அமெரிக்கர்கள் கோடையிலும் பழக்கத்தில் 'இஎஸ்டி' என்றே எழுதுவார்கள், அப்போது உண்மையில் ஓடுவது 'இடிடி', அதாவது ஈஸ்டர்ன் டேலைட் டைம். ஊர்ப் பெயர் போட்டால் இதெல்லாம் வராது.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இடையில் வரும் அந்தச் சில வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி வித்தியாசம் நாலாகக் குறையும். வாரம்விட்டு வாரம் நடக்கும் கூட்டத்தை எந்த ஊர் நேரத்துக்குக் கட்டியிருக்கிறீர்கள் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

---

வாரம்விட்டுவாரம்

கெடுதேதி, '13ஆம் தேதிக்கு மேல்' இல்லை, 13 முதலே. 13/04 என்று வந்தாலே பிழை தெரிந்துவிடும்.

---

கெடுதேதி

சரிதான், 13ம் சேர்த்தி. 'இன்க்ளூசிவ்' போட மறந்துவிட்டேன்.